அம்மா கட்டத்தில் அப்பா பெயர்!

இலத்தூர் டீக்கடையில் நியூஸ் பேப்பர் முழுசாக யார் கையிலும் இருக்காது. ஸ்போர்ட்ஸ் பக்கம் ஒருத்தரிடம், ராசிபலன் இன்னொருத்தரிடம், தங்கம் விலை மூணாவது ஆளிடம் என்று பிரிந்து பயணம் செய்து, மத்தியானத்துக்குள் வடை எண்ணெய் துடைக்கப் போய்விடும்.

2023 பிப்ரவரியில் ஒரு காலை. குற்றாலத்தில் ஸீஸன் இல்லாத மாதம். அருவியில் நூல் மாதிரி தண்ணீர், ஊரில் பேச விஷயமில்லை. எல்லோரும் கடனே என்று டீயை ஆற்றிக் கொண்டிருந்தபோது, உள்பக்கத்தைப் பிடித்திருந்த அண்ணாச்சி சத்தம் போட்டார்.

"ஏ தம்பி, பி.காமு... இங்க வாடே. கோழிக்கோட்டுல ஒரு ஆம்பள புள்ள பெத்திருக்காராம்லா! இது என்னனு படிச்சுச் சொல்லு."

அவ்வளவுதான். பெஞ்சு முழுக்க உயிர் வந்துவிட்டது. "அப்போ மசக்கைக்கு மாங்கா யாரு பறிச்சுக் குடுத்தது?" என்றார் ஒருத்தர். "இனிமே மேட்டர்னிட்டி லீவு நமக்கும் உண்டாவே?" என்றார் தென்காசியில் குமாஸ்தா வேலை பார்க்கும் இன்னொருத்தர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. காரணம், அந்த ஆண் ஓர் அக்கவுண்டன்ட்!

நானும் காமர்ஸ் படித்தவன். டெபிட், கிரெடிட் எழுதுகிற ஒரு ஜாதி உண்டு, ஸார். மாசக் கடைசியில் எட்டணா இடித்தால் ராத்திரி தூங்காத ஜாதி. அதில் ஒருத்தன் ஒன்பது மாதம் பிள்ளை சுமந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருக்கிறான் என்றால், விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் டீக்கடையில் நாலு ஜோக்கோடு விட்டுவிட மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். ஸஹத் என்பவர் பிறப்பில் பெண். மனசாலும் வாழ்க்கையாலும் ஆண். தமிழில் திருநம்பி என்கிறோம். அவருடைய துணைவி ஸியா பவல் பிறப்பில் ஆண், வாழ்வது பெண்ணாக. நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான், திருநங்கை. ஸியா நடன ஆசிரியை. இரண்டு பேரும் சுமார் மூன்று வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஸியாவுக்கு அம்மா ஆக ஆசை, ஸஹத்துக்கு அப்பா ஆக ஆசை. ரொம்பச் சாதாரணமான ஆசை. நம் தெருவில் கல்யாணமாகி ஆறு மாதத்தில் எல்லா வீட்டிலும் கேட்கிற ஆசை. முதலில் தத்து எடுக்கத்தான் யோசித்திருக்கிறார்கள். சட்டச் சிக்கல் மலைக்க வைத்தது. அப்புறம்தான் ஸஹத்தின் உடம்பில் ஓர் உண்மை மிச்சமிருப்பது கணக்குக்கு வந்தது. மார்பக அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆனால் கர்ப்பப்பை எடுக்கப்படவில்லை. ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தினார்கள். கரு தங்கியது. 2023 பிப்ரவரி 8-ம் தேதி கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிசேரியன். இந்தியாவில் ஒரு திருநம்பி பிள்ளை பெற்றது வெளியுலகுக்குத் தெரிய வந்தது அதுதான் முதல் தடவை. மார்பில் பால் இல்லாத அப்பாவின் குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கி கை கொடுத்தது.

(குழந்தையின் பெயர் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான் எழுதப் போவதில்லை. அது பள்ளிக்கூடம் போய் அட்டெண்டன்ஸ் சொல்ல வேண்டிய குழந்தை.)

ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். பெரியம்மா ஆச்சரியப்படவே இல்லை. "திருச்சி மலைக்கோட்டையில தாயுமானவர்னு எதுக்குப் பேரு வச்சாங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. ரத்னாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ நேரம். துணைக்கு வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவபெருமானே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். பெரியம்மா சொன்ன கதையில் ஆண் பிரசவம்தான் பார்க்கிறான். மகாபாரதத்தில் ஆண் பிரசவிக்கவே செய்கிறான். யுவனாசுவன் என்ற ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. ராணிக்காக முனிவர்கள் மந்திரித்து வைத்திருந்த நீரை ராத்திரி தாகத்தில் தெரியாமல் குடித்துவிடுகிறான். கர்ப்பம் ராஜாவுக்கு! விலாவைப் பிளந்துகொண்டு மாந்தாதா பிறக்கிறான். பிறந்தாயிற்று, பாலுக்கு எங்கே போவது? இந்திரன் வந்து தன் விரலைச் சப்பக் கொடுத்தான் என்று போகிறது கதை. வியாசர் காலத்தில் இந்திரன் விரல், நம் காலத்தில் தாய்ப்பால் வங்கி.

இந்த மாதிரிக் கதைக்குத் தேவலோகம் வரை போக வேண்டியதுகூட இல்லை. தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் இருக்கிற கடல் குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சு பொரிக்கிறது. யாரும் அதைக் கூப்பிட்டு 'நீ ஆம்பளையா?' என்று கேட்டதில்லை.

புராணத்தை அங்கே வைத்துவிட்டு மருத்துவத்துக்கு வருவோம். இங்கேதான் நம் ஊர்ப் பையன்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது.

திருநம்பிகள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். குரல் கட்டும், மீசை அரும்பும், சில மாதங்களில் மாதவிலக்கு நிற்கும். நின்றுவிட்டதால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. சினைப்பை உள்ளேதான் இருக்கிறது, முட்டைகளும் இருக்கின்றன. ஹார்மோனை நிறுத்தினால் பலருக்கும் சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பி வருகிறது. (இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கரு தங்கிவிடவும் கூடும். அந்த ஊசி கர்ப்பத் தடை மருந்து கிடையாது.) ஆனால் பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்தால் ஊசியை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும், கருவிலிருக்கும் சிசுவுக்கு அது கெடுதல். டாக்டர் சொல்லாமல் தானாக நிறுத்துவதும் கூடாது, தொடர்வதும் கூடாது.

கத்தி வைக்கும் கட்டம்தான் முக்கியம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தானே சுமக்கும் வழி அடைபடும். சினைப்பையையும் எடுத்துவிட்டால் தன் ரத்தத்தில் ஒரு குழந்தை என்பதே முடிந்த கணக்கு. ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால், முடிந்தால் ஹார்மோனுக்கே முன்னால், ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'தம்பி, பின்னாடி பிள்ளை வேணும்னு தோணுமா?'

அந்தக் கேள்விக்கு 'தோணலாம்' என்று பதில் வந்தால், முட்டையை எடுத்து உறைய வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. முட்டைகள் வளர்கின்றனவா என்று ஸ்கேன் மேல் ஸ்கேன். லேசான மயக்கத்தில் ஊசியால் உறிஞ்சி எடுத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு தடவைச் செலவே லட்சத்தைத் தாண்டும். அப்புறம் பேங்க் லாக்கர் மாதிரி வருஷ வாடகை.

பணம் ஒரு பக்கம். இன்னொரு செலவு எந்த பில்லிலும் வராது. எந்தப் பெண் உடம்பிலிருந்து விலகி வர இத்தனை வருஷம் போராடினாரோ, அந்த உடம்பின் ஹார்மோனை இரண்டு வாரம் உச்சத்தில் ஏற்றுகிறார்கள். உள்வழி ஸ்கேன் எடுக்கிறார்கள். வெயிட்டிங் ஹாலில் சுற்றிலும் பெண்கள். மீசை அரும்பிய ஓர் ஆளின் டோக்கன் நம்பரைப் படித்துவிட்டு நர்ஸ், 'மிஸஸ்...' என்று ஆரம்பித்து நிறுத்துகிற அந்த அரை விநாடியை நினைத்துப் பாருங்கள். லேடீஸ் ஸீட்டில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு கண்டக்டர் பார்த்த பார்வைக்கே நமக்கு ரெண்டு ஸ்டாப் வேர்த்திருக்கிறது.

இத்தனையும் தாங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தர் முன்வந்தால்? 'ஃபாரம் எங்கே?' என்கிறது சட்டம்.

பி.காம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் விஷயத்தைப் படிக்க மாட்டான், கட்டத்துத் தலைப்பைத்தான் படிப்பான். செயற்கைக் கருத்தரிப்புக்கு 2021-ல் ஒரு சட்டம், வாடகைத் தாய்க்கு 2021-ல் ஒரு சட்டம். இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கின்றன. கருத்தரிப்புச் சட்டத்தின் கட்டங்கள் இரண்டுதான்: குழந்தையில்லாத திருமணமான தம்பதி ஒன்று, இருபத்தோரு வயது தாண்டிய பெண் இன்னொன்று. தனி ஆணுக்குக் கட்டமே இல்லை. வாடகைத் தாய்ச் சட்டத்தில் இன்னும் குறுகல். தம்பதி, அல்லது 35-லிருந்து 45 வயதுக்குள் விதவையோ விவாகரத்தானவரோ ஆன பெண். அங்கேயும் தனி ஆண் இல்லை.

இப்போது கூத்தைப் பாருங்கள். ஒரு திருநம்பி தன்னை ஆண் என்று அரசாங்கச் சான்றிதழ் வாங்கிவிட்டால் 'பெண்' கட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார். வாங்காமலிருந்தால் கிளினிக்கில் 'பெண்' என்று கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே முட்டை இருக்கிறது, எடுக்கக் கருவி இருக்கிறது, வைக்க நைட்ரஜன் இருக்கிறது. கட்டம்தான் இல்லை!

இது கற்பனை அல்ல. கேரளத்தில் ஒரு திருநம்பி இந்த விவகாரத்தையே 2025-ல் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் முட்டையைப் பாதுகாத்து வைக்கக் கேட்டதற்கு ஆஸ்பத்திரி 2021 சட்டத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டது என்பது அவர் வழக்கு. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது மத்திய அரசின் வாதம். ஆஸ்பத்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ரிசப்ஷனில் இருப்பவரும் நம்மைப் போல ஃபாரம் நிரப்புகிற ஆள்தான்.

சரி, மற்ற வழிகள்? தத்து எடுக்கலாம். தனி ஆள் தத்தெடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள். தம்பதியாகப் போனால் இரண்டு வருஷமாவது நிலையான திருமண வாழ்க்கையைக் காட்ட வேண்டும்.

திருமணம் என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் பதிய மறுத்தது. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லி, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பதிவு செய்ய உத்தரவிட்டது. அப்புறம் 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட், ஒரு பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த அதே தீர்ப்பில், ஆண்-பெண் உறவிலிருக்கும் மாற்றுப் பாலினத்தவர் இருக்கிற சட்டப்படியே மணக்கலாம் என்றது. அதாவது, ஒரு பெண்ணை மணந்த திருநம்பி, சட்டத்தின் கண்ணுக்குக் கணவன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னும் ஒரு படி போய், குடும்பம் அமையத் திருமணம் மட்டும்தான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. (தீர்ப்பு, கோர்ட்டிலிருந்து கிளினிக் ரிசப்ஷனுக்கு வந்துசேர எந்த பஸ் பிடிக்கிறதோ தெரியவில்லை.)

கணவன் என்று ஆகிவிட்டால் ஒரு வழி திறக்கிறது. மனைவிக்குக் கர்ப்பப்பை உண்டு, முட்டை உண்டு. கணவனிடம் விந்தணு இல்லை. தானமாகப் பெற்ற விந்தணுவை வைத்து மனைவி சுமப்பாள். இதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால், தயவுசெய்து ஏதாவது ஒரு கருத்தரிப்பு மையத்தின் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பிறப்பிலேயே ஆணாக இருந்து, ஆபீஸ் போய், கிரிக்கெட் பார்த்து, மீசை முறுக்கி, டெஸ்ட்டில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்த கணவர்கள் அங்கே உண்டு. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, 'டோனர் வைத்துப் பார்க்கலாம்' என்பார். இருவரும் தலையாட்டுவார்கள். பத்து மாதத்தில் குழந்தை. பிறப்புச் சான்றிதழில் தந்தை என்ற கட்டத்தில் அவர் பெயர் ஜம்மென்று உட்காரும். அவருடைய உடம்பிலிருந்து ஓர் அணுகூடக் குழந்தைக்குப் போகவில்லை, 'நீ அப்பாவா?' என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதே விந்தணு தானம், அதே கிளினிக், அதே ஃபீஸ்... திருநம்பி என்று தெரிந்தால் மட்டும் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நமக்கு இதெல்லாம் புதுசுமில்லை. 1990-ல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தபோது (ஆமாம், ஜெமினி கணேசனின் மகள்தான்) 'குழாயில் குழந்தையா?' என்று இதே டீக்கடை பெஞ்சுகள் வாய் பிளந்திருக்கும். இப்போது ஊருக்கு ஊர் போர்டு, மாசத் தவணை வசதி.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் தாமஸ் பீட்டி என்பவரின் மனைவிக்குக் கர்ப்பப்பை இல்லை. அதனால் கணவரான அவரே சுமந்தார். 2008-ல் தாடியும் வயிறுமாக அவர் போட்டோ உலகம் சுற்றியது. மொத்தம் மூன்று பிரசவம் பார்த்தார் மனிதர். இங்கிலாந்தில் ஃப்ரெடி மெக்கானல் 2018-ல் பிள்ளை பெற்றுவிட்டு, சான்றிதழில் தன்னை அப்பா என்றோ பெற்றோர் என்றோ போடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார். சட்டப்படி அவர் ஆண்; அதற்கு அரசாங்கமே கொடுத்த காகிதம் கையில் இருந்தது. பெற்றவர் யாரோ அவர்தான் அம்மா என்று 2019-ல் கோர்ட் சொல்லிவிட்டது. 2020-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. ஆண், ஆனால் அம்மா!

கோழிக்கோட்டிலும் அதே இடத்தில்தான் வண்டி நின்றது. மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் தாய் ஸஹத், தந்தை ஸியா. இரண்டு பேருக்கும் பக்கத்தில் 'மாற்றுப் பாலினத்தவர்' என்று குறிப்பு. அப்பாவாக வாழ்கிறவர் அம்மா கட்டத்தில், அம்மாவாக வாழ்கிறவர் அப்பா கட்டத்தில். கணக்கில் இதற்குப் பெயர் தப்புப் பதிவு. டெபிட் கிரெடிட்டில், கிரெடிட் டெபிட்டில். டோட்டல் டேலி ஆகிவிடும், லெட்ஜர் முழுக்கப் பொய்.

நாளைக்கு அந்தக் குழந்தையை ஸ்கூலில் சேர்க்க வேண்டும். ஆதார், பாஸ்போர்ட், அப்புறம் ஒரு வேலை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் மீசைக்கார அப்பா நின்றுகொண்டு, 'தாய் யாருங்க?' என்ற கேள்விக்கு வரிசையில் பின்னால் நிற்கிறவர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். அதனால் அவர்கள் கேட்டது பெரிய புரட்சி இல்லை. 'தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்று போட்டுக் கொடுங்கள்' என்பதுதான். படிவத்தில் அப்படி இடமில்லை என்று பதில். கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக் கணக்கில் ஓடியது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், தந்தை, தாய் கட்டங்களை எடுத்துவிட்டு, பாலினம் குறிப்பிடாமல் இரண்டு பேரையும் பெற்றோர் என்று போட்டுப் புதுச் சான்றிதழ் தரும்படி கோழிக்கோடு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். இலத்தூரிலிருந்து பார்த்தால் மேற்கே தெரிகிற அந்த மலை தாண்டினால் கேரளம். ஆனால் இந்த மாதிரி ஒரு சான்றிதழை நம் பக்கத்து ஆபீஸில் யாராவது கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் ஃபைலைத் திருப்பிப் பார்ப்பார்கள், அப்புறம் ஆளைத் திருப்பிப் பார்ப்பார்கள், அப்புறம் 'மேலிடத்துல கேட்டுட்டு வாங்க' என்பார்கள். கேட்டு வருவதற்குள் பிள்ளை யூ.கே.ஜி. முடித்துவிடும். அதோடு, இங்கே ஒரு திருநங்கைக்கு அலைய, சண்டை போட, கூட வர ஒரு ஜமாத் உண்டு. அம்மா, மகள் என்று முறை சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு. திருநம்பிப் பையனுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. வீட்டை விட்டு வந்து ஏதாவது ஒரு மேன்ஷனில், நம் பக்கத்து ரூமில், ஸ்டவ் பற்றவைத்து ரசம் வைத்துக்கொண்டிருப்பான். ஆபீஸில் நம் பக்கத்து ஸீட்டாகவும் இருக்கலாம். அவனிடம் போய், 'பிள்ளை வேணும்னு தோணுமா?' என்று கேட்க டாக்டருக்கே தோணவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்?

கோர்ட் உத்தரவு வந்த சமயம் குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பம். சாரலில் நனைந்துகொண்டே அதே டீக்கடைக்குப் போய், அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு 2023 பேப்பர் நன்றாக ஞாபகம் இருந்தது.

"புள்ளைக்கு ரெண்டு வயசு தாண்டிருக்குமே. நல்லா இருக்காடே?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"எல்லாம் சரி, தம்பி. பெற்றோர்னு மட்டும் போட்டா... ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்னு கூப்பிட்டா ரெண்டு பேர்ல யாரு போவா?"

மேட்டர்னிட்டி லீவு கேட்ட அந்தத் தென்காசி குமாஸ்தா, பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து சொன்னார்:

"யாருக்கு பெர்மிஷன் கிடைக்குதோ அவங்க போவாங்க அண்ணாச்சி. என் வீட்ல வேற எப்படி நடக்குதுங்கிறீங்க?"